பன்னிரண்டு மணி நேர இரவுக்கான மூட்டை

பெப்ரவரியில் மழை ஓய்ந்து மலைப்பாதைகள் காய்ந்ததும், நானும் என் மாமா மகனும் சைக்கிள்களில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கண்டியிலிருந்து புறப்படுவது வழக்கமாகிவிட்டது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, அங்கிருந்து ஹக்கலை, வெலிமடை, பண்டாரவளை என்று ஊவாப் பக்கம் போய் அப்புத்தளையில் பயணத்தை முடிப்போம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்துவிடுவேன். எடுத்துப் போக நினைக்கும் ஒவ்வொன்றும் சமையலறைத் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் அந்தப் பாய்க்கு வரும்; எடையை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன்.

கூடாரம், படுக்கைப் பை, மாற்று டியூப், பம்ப், ஒட்டுத்துண்டு, மழையங்கி, மருந்து ஆகியவற்றைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழுவதில்லை. அவை இல்லாமல் போக முடியாது. பேச்செல்லாம் மற்றவற்றைப் பற்றியதுதான். இல்லாவிட்டாலும் உயிருக்கோ பயணத்துக்கோ கேடு வராது, இருந்தால் மனதுக்கும் உடலுக்கும் இதமாக இருக்கும் என்கிற பொருள்களையே நான் சொகுசுப் பொருள்கள் என்கிறேன். மூன்று பயணங்களில் அவற்றை மாற்றி மாற்றி எடுத்துப் போய்ப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரியவந்தது ஒன்று உண்டு: எங்கள் மலைநாட்டில் சொகுசுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்றத்தை நினைத்துப் பயந்துகொண்டிருப்பதைவிட, இரவை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. பெப்ரவரியில் மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மறுநாள் காலை ஆறரை வரை பாதையில் இறங்க முடியாது. மலைமடிப்புகளில் மூடுபனி மூன்று மணிக்கே வந்து மூடிவிடும் நாள்களும் உண்டு. சைக்கிள் முகாம் பயணத்துக்கு என்ன எடுத்துப் போகலாம் என்று எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவின் கோடைக்காலத்தில் பயணம் செய்பவர்கள். ஜூன் மாதத்தில் அங்கே பல இடங்களில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. இரவு ஒன்பது மணி வரை சைக்கிள் மிதித்துவிட்டு, கூடாரத்துக்குள் நுழைந்ததும் உறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய பட்டியல் அவர்களுடைய இரவுக்குப் பொருத்தமானது. எங்களுக்கோ ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணி நேர இருள் காத்திருக்கிறது. அதில் நான்கைந்து மணி நேரமாவது விழித்தபடியே, ஈரத்திலும் குளிரிலும் கழிக்க வேண்டியிருக்கிறது.

இதை அறியாமல்தான் முதல் பயணத்துக்குப் புறப்பட்டேன். 2022இல் எரிபொருள் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது நானும் மச்சானும் சைக்கிள் வாங்கினோம். அடுத்த பெப்ரவரியில் கிளம்பினோம். ஒரு ஸ்பீக்கர், கோப்பி வடிக்கும் கண்ணாடிக் குவளை, கமராவுக்கான முக்காலி, தொங்கல் படுக்கை, காற்றடைக்கும் தலையணை, பெரிய மேசை விளக்கு என்று கிட்டத்தட்ட ஏழு கிலோ மேலதிகச் சுமையை நான் ஏற்றியிருந்தேன். அவை அனைத்தும் பகலிலோ, நல்ல வானிலையிலோ, மரங்கள் அருகருகே நிற்கும் காட்டிலோ பயன்படக்கூடியவை. தலையணை இரண்டாம் இரவே காற்றை விட்டுவிட்டது. அதை விற்ற கடையில் போய்க் கேட்டபோது மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

றம்பொடையைத் தாண்டி ஒரு தோட்டத்தில் அனுமதி பெற்றுக் கூடாரம் அடித்த அன்றைய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை பெய்யவில்லை, ஆனாலும் புல் முழுவதும் பனிநீர். கல்லில் உட்கார்ந்தால் கல்லின் குளிர் எலும்பு வரை ஏறியது. புல்லில் உட்கார்ந்தால் அட்டை. மாலை ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரை, நிமிர்ந்து உட்காரவும் இடமில்லாத கூடாரத்துக்குள் முதுகை வளைத்துக்கொண்டு, வியர்வையில் நனைந்த அதே உடையோடு ஒடுங்கிக் கிடந்தேன். ஏழு கிலோ சொகுசுப் பொருளில் ஒன்றுகூட அந்த இரண்டரை மணி நேரத்துக்கு உதவவில்லை.

அடுத்த பயணத்துக்கு முன் முதலில் எடைக் கணக்கைத்தான் சரியாகப் பார்த்தேன். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் வரும் சிறு இறக்கங்களை விட்டுவிட்டால் ஏற வேண்டிய உயரம் சுமார் 1,370 மீற்றர். ஒரு கிலோ எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்குத் தேவைப்படும் சக்தி 3 கிலோகலோரிக்குச் சற்றே அதிகம். உண்ணும் உணவின் சக்தியில் நான்கில் ஒரு பங்கு அளவே பெடலுக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிலோவுக்காக உடல் செலவழிப்பது ஏறத்தாழ 13 கிலோகலோரி. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கிலோகலோரி இருக்கிறது. புசல்லாவைக் கடையில் குடிக்கும் ஒரு பிளேன்டீயில் போடும் சீனிகூட இதைவிட அதிகம். நேரமாகப் பார்த்தாலும் அப்படித்தான்: நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால், ஒரு கிலோ கூடினால் ஏறும் நேரம் நூற்றில் ஒரு பங்கு கூடும். நுவரெலியாவுக்கு ஏறும் இரண்டு நாளிலும் சேர்த்து எட்டு மணி நேரம் ஏறினால் அது ஐந்து நிமிடம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. ஒரு கிலோவுக்கு ஐந்து நிமிடம் கொடுக்க நான் தயங்க மாட்டேன். ஏழு கிலோவுக்கு முப்பத்தைந்து நிமிடம் கொடுக்க மாட்டேன். எடையைவிடப் பருமன்தான் பெரிய தொல்லை. பக்கப் பைகளில் இடமில்லாமல் காரியரின் மேல் உயரமாகக் கட்டிய மூட்டை, ஹக்கலையிலிருந்து வெலிமடைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் சைக்கிளை இப்படியும் அப்படியும் ஆட்டும். பிரேக்கும் நனைந்திருந்தால் அந்த ஆட்டம் ஆபத்தானது. ஆகவே சொகுசுப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்றும், காரியரின் மேல் எதுவும் ஏறக்கூடாது என்றும் வரையறுத்துக்கொண்டேன். கம்பளி ஒன்றுக்குத்தான் இதில் விலக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டரைக் கிலோவில் முதலிடம் மடக்குக் கதிரைக்கு. அலுமினியக் குழாய்களும் துணியும் கொண்டது. எடை 930 கிராம். மடித்தால் ஒரு கட்டு வெற்றிலையைவிடச் சற்றே நீளமான உருளையாகிப் பக்கப் பையின் அடியில் போய்விடும். அதைப் பாயில் பார்த்ததும் மச்சான், "கதிரயத் தூக்கிக்கிட்டு றம்பொட ஏறப் போறியா மச்சான்?" என்று கேட்டான். ஏறினேன். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார முடிவது, நாள் முழுவதும் கைப்பிடியின் மேல் குனிந்திருந்த முதுகுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உட்கார்ந்து பார்த்தவர்தான் அறிவார். அட்டைத் தொல்லை முற்றாக நீங்கிவிடாது. ஆனால் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சப்பாத்தின் விளிம்பில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது சாரம். வெறும் 280 கிராம் பருத்திச் சாரமும் ஒரு சோடிக் காலுறையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிக்கிடக்கும். எந்தக் காரணத்துக்காகவும் பகலில் அந்தப் பையைத் திறப்பதில்லை. மலைநீர் வழியும் பீலியில் உடம்பு கழுவிவிட்டு, நன்றாகக் காய்ந்த சாரத்தைக் கட்டிக்கொள்ளும் அந்த நிமிடத்தில் பகல் முடிந்து இரவு தொடங்குகிறது. சைக்கிள் கடைகளில் விற்கும் விரைவில் காயும் செயற்கைத் துணிகளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் சிறுவயதிலிருந்து இரவில் சாரம் கட்டியே பழகிய உடம்புக்கு அந்தத் துணிகள் ஓய்வைச் சொல்வதில்லை.

தலையணைக்கு இப்போது உறையை மட்டும் எடுத்துப் போகிறேன். எழுபது கிராம் பருத்தி உறைக்குள் மேலங்கியையும் மிஞ்சிய உடையையும் திணித்தால் தலையணை வந்துவிடுகிறது. கன்னத்தில் படுவது வீட்டில் துவைத்த பருத்தித் துணி என்பதே போதுமானது. படுக்கும் முன் ஒரு லீற்றர் உலோகப் போத்தலில் கொதிநீர் ஊற்றி, மூடியை இருமுறை சரிபார்த்து, காலுறைக்குள் நுழைத்துப் படுக்கைப் பையில் தொடைகளுக்கு இடையே வைத்துக்கொள்கிறேன். போத்தல் எப்படியும் சைக்கிளில் வரும் பொருள். ஆக இந்தச் சொகுசுக்கு எடையே இல்லை. காலையில் அதே தண்ணீரில் முகம் கழுவலாம்.

கம்பளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாயியின் கருங்கம்பளி ஒன்று இருக்கிறது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த காலத்தில், மழையில் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவர் அவர். அந்தக் காலத்தில் கம்பளியைத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு மூலையில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்திச் சடைபிடித்த இடம் இன்னும் கையில் தட்டுப்படுகிறது. எடை 1 கிலோ 700 கிராம். என் படுக்கைப் பையின் எடையே அதைவிடக் குறைவு.

இரண்டாம் பயணத்தில் அதை எடுத்துப் போனேன். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தெளிந்த வானத்துள்ள இரவுகளில் வெப்பநிலை சுழியத்தை நெருங்குவதுண்டு. காலையில் புல்வெளியிலும் தேயிலைத் தளிரிலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அப்படியோர் இரவில் இறகு அடைத்த விலையுயர்ந்த படுக்கைப் பை வைத்திருந்த மச்சான் நடுங்கினான். கூடாரத்தின் உட்பக்கத்தில் மூச்சுக்காற்று நீராகி வழிந்து அந்தப் பையை நனைத்துவிட்டிருந்தது. இறகு நனைந்தால் தட்டையாகிவிடும், சூட்டைப் பிடித்துவைக்காது. கம்பளியின் இயல்பு வேறு. செம்மறி உரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்ட பிறகும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. மழையிலும் பனியிலும் நாள் முழுவதும் நின்ற பெண்களுக்கு இந்தத் துணி ஏன் கொடுக்கப்பட்டது என்பது அன்றிரவு எனக்கு உடம்பால் விளங்கியது. நள்ளிரவில் அதைப் பிரித்து இருவருக்கும் சேர்த்துப் போர்த்தினேன்.

இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். குளிர் குறைந்த ஆண்டுகளில், குறிப்பாக நுவரெலியாவில் ஓர் இரவு மட்டுமே தங்குவதாக இருந்தால், ஒன்றே முக்கால் கிலோவுக்கு நியாயம் இல்லை.

இனித் தேயிலை. தேயிலை மலைகளுக்கு நடுவே போகிறவர் தேயிலை சுமப்பதா என்று கேட்கலாம். மலையில் பச்சைக் கொழுந்துதான் இருக்கிறது. வழிக்கடைகளில் பெரும்பாலும் டஸ்ட் எனும் பொடித்தூள்தான் கிடைக்கும். பாலும் சீனியும் சேர்த்துக் குடிக்க அது நன்றாக இருக்கும். இரவில் பாலில்லாமல் குடிக்க எனக்கு நல்ல பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), அதாவது டஸ்ட்டைவிடப் பெரிய துகள்களாக உள்ள தூள் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை, தலவாக்கலையும் அடங்கிய திம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு மணம் கூடும் காலம் என்பதால் தலவாக்கலையிலிருந்து அம்மா அனுப்பும் தூளில் நூறு கிராமை ஒரு டின்னில் அடைத்துக்கொள்கிறேன். உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். நுவரெலியாவில் அது 94 பாகை அளவில்தான் கொதிக்கும். ஆகவே சாயம் இறங்க ஒரு நிமிடம் கூடுதலாக விட்டு, ஊற்றுவதற்கு முன் டம்ளரையும் கொதிநீரில் அலசிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு இஞ்சியைக் கல்லில் தட்டிப் போட்டு, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அந்த இரவுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. அடுப்பை மட்டும் எவ்வளவு குளிரிலும் கூடாரத்துக்கு வெளியிலேயே பற்றவைக்க வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் எரியும் அடுப்பிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயு மணமில்லாமல் உயிரை எடுக்கும்.

இதோடு 380 கிராம் எடையுள்ள சிறிய பிளாஸ்க் ஒன்றும் வரும். இரவு எட்டரைக்கு ஊற்றி வைக்கும் சாயத்தண்ணி, விடியற்காலை நான்கரைக்குக் குளிரில் விழிப்பு வரும்போது இன்னும் சூடாக இருக்கும். படுக்கைப் பையை விட்டு வெளியே வராமல், கையை மட்டும் நீட்டி மூடியைத் திறந்ததும் முகத்தில் படும் ஆவிக்காகவே அந்த 380 கிராமை ஊவா வரை சுமப்பேன்.

எங்களிடம் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் உண்டு. நாங்கள் இருவர். மூன்றாவது டம்ளர் எப்படிப் பட்டியலில் சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாம் பயணத்தில் புசல்லாவைக்கு மேலே, தோட்டத்துக் கோயிலை ஒட்டிய ஒரு மேட்டில் தங்கியிருந்தோம். எட்டு மணி இருக்கும். கீழ்ப்பாதையிலிருந்து டோர்ச் வெளிச்சம் ஒன்று தேயிலைச் செடிகளின் மேல் தடவிக்கொண்டே வந்து எங்கள் முகத்தில் நின்றது. தோட்டத்து வாச்சர், அறுபது வயது இருக்கும், கையில் தடி, தலையில் கம்பளித் தொப்பி.

"யாரு தம்பி இங்க? கணக்கப்புள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டோம் அண்ணே. அவருதான் இந்த எடத்தக் காட்டினாரு."

"சரி. இந்தப் பக்கம் பன்னி வரும். சோத்துப் பானைய வெளிய வச்சிட்டுத் தூங்கிறாதீங்க."

கதிரையை அவருக்குக் கொடுத்தேன். முதலில் மறுத்தார், பிறகு அதன் கால்களை டோர்ச்சால் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். சாயத்தண்ணி கொடுக்கத்தான் டம்ளர் இல்லை. என் டம்ளரை அலசி அதில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் உடனே குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கைக்குள்ளும் வைத்து, ஆவியை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து விழுங்கினார்.

"இது நம்ம மலத் தூளு இல்லியே தம்பி. தலவாக்கல பக்கமா?"

நான் எந்த ஊர் என்று அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் தூள் சலித்திருக்கிறார். அந்த மூக்கு அவரை விட்டுப் போகவில்லை. அரை மணி நேரம் இருந்து, காலையில் எந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், எது தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கீழே இருப்பதால் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குடித்து முடிக்கும்வரை என் சாயத்தண்ணி கேத்தலில் ஆறிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் வருந்தினார். அடுத்த பயணத்திலிருந்து 85 கிராமில் மூன்றாவது டம்ளர் வருகிறது.

மச்சானின் சொகுசு வேறு வகையானது. அவனுக்குக் கதிரை வேண்டாம். மடித்த ரப்பர் மெத்தைத் துண்டில் உட்கார்ந்துகொள்கிறான். ஆனால் 1 கிலோ 150 கிராம் எடையுள்ள இரும்பு ரொட்டிக்கல் இல்லாமல் வீட்டுப்படியைத் தாண்ட மாட்டான். அலுமினியத் தட்டு வாங்கித் தருவதாக நான் சொன்னேன். மெல்லிய தட்டில் நடுவில் கருகி ஓரம் வேகாமல் போகும் என்றான், சுட்டும் காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, அந்தக் கல்லில் தட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகச் சிவந்த ரொட்டியைக் கட்டச்சம்பலோடு தின்ற பிறகு, அந்தக் கல்லின் எடையைப் பற்றி நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். சம்பலை வீட்டிலேயே தேங்காய் சேர்க்காமல் இடித்து, எலுமிச்சம்புளி கூட்டிப் போத்தலில் அடைத்துக்கொண்டால் இந்தக் குளிரில் நான்கு நாளும் கெடுவதில்லை.

வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் சிறிய டோர்ச் ஒன்று போதும். வெள்ளைத் துணிப்பையை அதன்மேல் போட்டுக் கூடாரத்தின் உச்சியில் தொங்கவிட்டால் இருவர் உட்கார்ந்து சாப்பிடவும் படிக்கவும் போதுமான மென்வெளிச்சம் கிடைக்கும். படிக்கக் கையடக்கப் புத்தகம் ஒன்று எடுத்துக்கொள்கிறேன். ஏழு மணிக்குத் தொடங்கும் இரவில் புத்தகம் கைப்பேசியைவிட நீடிக்கும். கைப்பேசியின் மின்னை மறுநாள் பாதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கரை மட்டும் யாரும் எடுத்துப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளத்தாக்கில் ஓசை நெடுந்தூரம் போகும். நாம் கூடாரம் அடிக்கும் மேட்டுக்குக் கீழேதான் லயம் இருக்கும். அங்கே உறங்குபவர்கள் விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள். அவர்களுடைய மண்ணில் ஓர் இரவு இடம் கேட்டு வாங்கியவர்கள் நாம்.

இந்த ஆண்டுக்கான பாய் நேற்று விரிக்கப்பட்டது. கதிரை 930, சாரமும் காலுறையும் 340, தலையணையுறை 70, பிளாஸ்க் 380, தேயிலை டின் 150, கருப்பட்டி 200, மூன்றாவது டம்ளர் 85, புத்தகம் 220. மொத்தம் 2,375 கிராம். இன்னும் 125 கிராமுக்கு இடமிருக்கிறது. அம்மாயியின் கம்பளி இந்தக் கணக்கில் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவு நுவரெலியாவில் எவ்வளவு குளிர்ந்தது என்று பார்த்த பிறகே அதை முடிவு செய்வோம். அதுவரை சடைபிடித்த மூலை மேலே தெரியும்படி மடித்து, பாயின் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.